கார்பன் மாற்றியும் பொறி நிற்காத மிஷின்

"கார்பன் போட்டுப் பத்து நாள்கூட ஆகலை, மறுபடியும் தீர்ந்துபோச்சு." கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கத்துக் கிரில் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. உடனே பழி கடைக்காரர் மீதும் டூப்ளிகேட் ஸ்பேர் மீதும் போகும். ஆனால் பல நேரம் அந்தக் கார்பனில், அதாவது மோட்டாரின் சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டே தேயும் கட்டையில், குற்றம் இருக்காது. கார்பன் உரசும் செம்புப் பட்டை உருளையான கம்யூட்டேட்டர் குழி விழுந்திருக்கும், அல்லது பின்பக்க பேரிங் ஆடிக்கொண்டிருக்கும். ஹேண்ட் கிரைண்டர், டிரில்லிங் மிஷின், மார்பிள் கட்டர், பிளேனர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்: செத்த பாகம் ஒன்று, அதைச் சாகடித்தது வேறொன்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஸ்பேருக்குப் போட்ட காசு நிற்கும்.

கார்பனிலிருந்தே தொடங்கலாம். அதன் அளவைத் தடிமன், அகலம், நீளம் என்று மூன்றாக, மில்லிமீட்டரில், வெர்னியர் வைத்து எடுங்கள். தேய்ந்த கார்பனை மட்டும் அளக்காமல், அது உட்காரும் பித்தளைக் கூட்டின் உள்ளளவையும் எடுப்பது நல்லது. நீளம் 1, 2 மி.மீ. குறைந்தால் பெரிய கெடுதல் இல்லை. தடிமனும் அகலமும்தான் உயிர். கொஞ்சம் கூடினாலும் கார்பன் கூட்டுக்குள் சிக்கி நிற்கும். ஸ்பிரிங் தள்ளினாலும் கம்யூட்டேட்டரைத் தொடாது, இடைவெளியில் பொறி பறக்கும். குறைந்தால் உள்ளே ஆடி, முகம் கோணலாகத் தேயும். சரியான அளவு கிடைக்காமல் சற்றே பெரியதை வாங்க வேண்டிவந்தால், தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் நைஸ் உப்புத்தாளை விரித்து, கார்பனைப் படுக்கவைத்து நேராகத் தேயுங்கள். கூட்டுக்குள் போட்டுக் கவிழ்த்தால் தன் எடையிலேயே வழுக்கி விழ வேண்டும். கையில் பிடித்து அரத்தால் ராவினால் பக்கம் உருண்டுவிடும்.

நீளம் 5, 6 மி.மீ. வந்தவுடன் மாற்றிவிடுங்கள். சில கார்பன்களில் அதற்கென்றே ஒரு கோடு இருக்கும். இன்னும் சிலவற்றில் உள்ளே சின்ன ஸ்பிரிங்கும் பின்னும் வைத்து, தேய்ந்ததும் அதுவே மேலே எழும்பி மிஷினை நிறுத்தும்படி செய்திருப்பார்கள். ஆட்டோ கட் கார்பன் என்று கேட்டால் கிடைக்கும். அந்த மிஷினுக்குச் சாதாரணக் கார்பன் போட்டால் ஓடத்தான் செய்யும். ஆனால் தீர்ந்துபோனது தெரியாமல் ஓட்டி, ஸ்பிரிங்கே கம்யூட்டேட்டரைக் கீறிவிடும். அதன்பின் ஆர்மேச்சர், அதாவது மோட்டாரின் சுற்றும் பாகமே, மாற்றும் செலவு. மிச்சம் பிடிக்கக்கூடாத இடம் இது.

இரண்டு கார்பனையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். மாற்றியபின் 10, 15 நிமிடம் சுமையில்லாமல் ஓடவிடுங்கள். புதுக் கார்பனின் முகம் கம்யூட்டேட்டரின் வளைவுக்குத் தேய்ந்து பொருந்த அவ்வளவு நேரமாவது வேண்டும். போட்டவுடனே ஆங்கிள் அறுக்கப் போனால், முகத்தின் ஓரத்தில் மட்டும் கரண்ட் பாய்ந்து அந்த இடம் கருகும்.

பழைய கார்பன் இரண்டையும் தூக்கி எறியாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறையச் சொல்லும். ஒன்று மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் அந்தப் பக்கத்து ஸ்பிரிங்கோ கூடோ கெட்டிருக்கிறது. கூட்டைத் தாங்கும் பிளாஸ்டிக் சூட்டில் இளகிச் சாய்ந்திருக்கலாம். இரண்டின் முகமும் பொடிப்பொடியாக உடைந்திருந்தால் கம்யூட்டேட்டர் வட்டமாக இல்லை, அல்லது ஒரு பட்டை மேலே எழும்பியிருக்கிறது. விரல் நகத்தை அதன்மேல் வைத்து ஆர்மேச்சரை மெல்லச் சுற்றினால் நகமே காட்டிக்கொடுக்கும்.

நல்ல கம்யூட்டேட்டர் ஒரே சீரான பழுப்பில் இருக்கும். லேசான கறுப்பு என்றால் 400 அல்லது 600 நம்பர் உப்புத்தாளைப் பட்டையாகக் கிழித்துச் சுற்றிப் பிடித்துத் துடைக்கலாம். எமரித் துணி வேண்டாம். அதன் துகள் பட்டைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்து தொல்லை கொடுக்கும். குழி விழுந்திருந்தால் லேத்தில் ஒரு மெல்லிய வெட்டு. அதோடு விட்டுவிடக் கூடாது. செம்புப் பட்டைகளுக்கு நடுவே இருக்கும் மைக்கா இப்போது செம்போடு சமமாக நிற்கும். தேயாத மைக்காவின்மேல் கார்பன் தாவித்தாவி ஓடும். ஹேக்சா பிளேடின் ஓரத்தைத் தேய்த்து மெலிதாக்கி, ஒவ்வொரு காடியையும் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஆழத்துக்குக் கீறிவிடுங்கள். லேத்துக்குக் கொடுத்து வாங்கியவர்கள் பலர் விட்டுவிடும் படி இது. பத்து நாளில் கார்பன் தீர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கம்யூட்டேட்டரைச் சுற்றி நெருப்பு வளையமாக ஓடினால் கார்பனைக் குறை சொல்லாதீர்கள். ஆர்மேச்சருக்குள் காயில் ஷார்ட் ஆகியிருக்கிறது அல்லது அறுந்திருக்கிறது. மல்டிமீட்டரைக் குறைந்த ஓம் அளவில் வைத்து, அடுத்தடுத்த பட்டை ஜோடிகளைச் சுற்றிலும் தொட்டுப் பாருங்கள். எவ்வளவு ஓம் என்பதைவிட எல்லா ஜோடியும் ஒன்றே காட்டுகிறதா என்பதே முக்கியம். ஒரு ஜோடி மட்டும் எகிறினால் அறுந்த காயில், ஒரு ஜோடி மட்டும் சரிந்தால் ஷார்ட். பிறகு ஒரு முள்ளைக் கம்யூட்டேட்டரிலும் மற்றதை ஷாஃப்டிலும் வையுங்கள். மீட்டர் அசையவே கூடாது. அசைந்தால் பாடியில் கரண்ட் இறங்குகிறது என்று பொருள், அந்த மிஷினை அத்தோடு ஓரம் கட்டுங்கள். காயில் கட்டும் கடையில் ஷார்ட் காட்டும் காந்தக் கருவியான குரோலர் இருந்தால் இன்னும் தெளிவு. அதன்மேல் ஆர்மேச்சரை வைத்து ஹேக்சா பிளேடை ஒவ்வொரு காடியிலும் பிடிப்பார்கள். ஷார்ட் ஆன காடியில் பிளேடு அதிரும். ஆர்மேச்சரைச் சுற்றி அசையாமல் நிற்கும் ஃபீல்டு காயிலைப் பார்ப்பது எளிது. இரண்டு சுருளும் ஒரே ஓம் காட்ட வேண்டும்.

ஆர்மேச்சரைக் கட்டக் கொடுக்கலாமா, புதிது வாங்கலாமா? 4 அங்குல கிரைண்டருக்குப் புதிதே வாங்குங்கள். நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடும் பொருளைக் கையால் கட்டி, பேலன்ஸ் பார்க்காமல் போட்டால் பேரிங் இரண்டும் சீக்கிரமே சத்தம் போடும். 7 அங்குல கிரைண்டர், 14 அங்குல கட் ஆஃப் மிஷின், கான்கிரீட் உடைக்கும் பெரிய பிரேக்கர் ஆகியவற்றுக்குக் கட்டிப் போடுவது லாபம்தான். ஆனால் கட்டியபின் வார்னிஷ் ஊற்றி அடுப்பில் காயவைக்கும் கடையாக இருக்க வேண்டும். மேலே பிரஷால் பூசிக் கொடுத்தால், சுற்றும் வேகத்தில் உள்ளே இருக்கும் கம்பி அசைந்து ஒன்றையொன்று உரசிவிடும்.

புது ஆர்மேச்சர் கேட்கும்போது மிஷின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். ஒரே பெயரில் முன்னே வந்த மாடலுக்கும் பின்னே வந்த மாடலுக்கும் முனையிலுள்ள சின்னப் பல்சக்கரமான பினியனின் பல் எண்ணிக்கை மாறியிருக்கலாம். மொத்த நீளம், இரும்புப் பகுதியின் நீளமும் விட்டமும், கம்யூட்டேட்டர் விட்டம், இரண்டு பக்கமும் பேரிங் உட்காரும் அளவு, பல் எத்தனை, பல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது ஆகிய அத்தனையும் ஒத்துவர வேண்டும். பெயர்ப்பலகையில் மாடலுக்குக் கீழே உள்ள நீண்ட எண்ணைப் படம் எடுத்து, பழைய பாகத்தையும் கையோடு கொண்டுபோங்கள். தஞ்சாவூரிலோ திருச்சியிலோ இறங்கித் தேடுகிறவர்களுக்கு இரண்டாவது பஸ் செலவு மிஞ்சும்.

இனி, ஆர்மேச்சர் ஏன் எரிந்தது என்ற கேள்வி. டெல்டாவில் முதல் சந்தேகம் வோல்டேஜ் மீதுதான் விழ வேண்டும். லைன் முடிகிற இடத்துக் கிராமம், குறுவைக்கு மோட்டார்கள் ஒன்றாக ஓடும் மாதம், அதே லைனில் வெல்டிங் மிஷின் என்றால் 230 வோல்ட் நிற்காது. இந்த வகை மோட்டாரில் இழுக்கும் விசை கரண்டைப் பொறுத்தது. அதே இரும்பை அதே அழுத்தத்தில் அறுக்க அதே கரண்ட் வேண்டும். வோல்டேஜ் குறைந்தால் வேகம் மட்டும் இறங்கும். வேகம் இறங்கினால் ஆர்மேச்சரோடு சுற்றும் விசிறியும் மெதுவாகும். சூடு அதே சூடு, காற்று பாதி. இதில் மிஷின் திணறுகிறதே என்று ஆள் இன்னும் அழுத்துவார். வேகம் குறைக்கும் வசதி உள்ள டிரில்லில் பெரிய ஓட்டையை மெதுவாகப் போட்டே எரித்துவிடுவதும் இதே காரணத்தால்தான். நடுநடுவே மிஷினை வேலையிலிருந்து எடுத்து, முழு வேகத்தில் அரை நிமிடம் சும்மா ஓடவிட்டால் சூடு வெளியேறும். சூடாக இருக்கும்போது சட்டென்று சுவிட்சை அணைப்பது மிஷினுக்கு நல்லதல்ல.

பாதி வோல்டேஜ் பிரச்சினை நாமே இழுத்த வயரில் இருக்கிறது. 2,000 வாட் மிஷின் சுமார் 9 ஆம்பியர் எடுக்கும். 1 சதுர மி.மீ. செம்பு வயரை 50 மீட்டர் இழுத்தால், போகவர 100 மீட்டருக்கு ஏறத்தாழ 1.7 ஓம். அதிலேயே 15 வோல்ட் காலி. அதே தூரத்துக்கு 2.5 சதுர மி.மீ. போட்டால் 6 வோல்ட்டோடு முடியும். கொல்லையிலும் தோப்பிலும் வேலை செய்கிறவர்கள் தடித்த வயர் ஒன்று வைத்துக்கொள்வது, வருடத்துக்கு ஒரு ஆர்மேச்சர் வாங்குவதைவிட மலிவு. சுருளை முழுதும் பிரித்துப் போடுங்கள். சுற்றியபடியே ஓட்டினால் நடுச்சுருள் இளகி ஒட்டிக்கொள்ளும்.

மிஷினின் சொந்த வயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது பெரும்பாலும் கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில்தான் உள்ளுக்குள்ளேயே அறும். ஆட்டினால் ஓடும், விட்டால் நிற்கும். அந்த இடத்தை வெட்டியெறிந்து திரும்ப இணைக்கலாம். ஆனால் வயரைக் காக்கும் ரப்பர் குழாயைத் திரும்பப் போடாமல் விட்டால் அடுத்த மாதம் மறுபடி அறும். பெயர்ப்பலகையில் சதுரத்துக்குள் சதுரம் வரைந்திருந்தால் இரட்டை இன்சுலேஷன், இரண்டு கோர் வயர் போதும். அந்தக் குறி இல்லாத உலோகப் பாடி மிஷினுக்கு மூன்று கோரும், உண்மையிலேயே பூமிக்குப் போகிற எர்த்தும் கட்டாயம்.

இரண்டாவது எதிரி தூள். சுவாமிமலைச் சிற்பக் கூடங்களிலும் நாச்சியார்கோயில் விளக்குப் பட்டறைகளிலும் ஓடும் கிரைண்டருக்குக் கிரில் பட்டறைக் கிரைண்டரைவிடக் கவனம் அதிகம் வேண்டும். பித்தளை, வெண்கலத் தூள் மின்சாரத்தைக் கடத்தும். காற்றோட்டத் துளை வழியே உள்ளே போய், கார்பன் கூட்டுக்கும் பாடிக்கும் நடுவே படிந்து பாதை போட்டுவிடும். இரும்புத் தூளும் கடத்தும், அதோடு ஃபீல்டின் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அன்றாடம் வேலை முடிந்ததும் மிஷினைச் சும்மா ஓடவிட்டு, பின்பக்கத் துளையில் கம்ப்ரசர் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் ஊதுங்கள். கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். மாதம் ஒருமுறை வயரைப் பிளக்கிலிருந்து உருவி, பின்மூடியைக் கழற்றி, காய்ந்த பிரஷால் கார்பன் கூட்டைச் சுற்றித் துடையுங்கள். ஈரத் துணி கூடாது.

பேரிங்கைப் பேர் சொல்லிக் கேட்பதைவிட நம்பர் சொல்லிக் கேளுங்கள். 607 என்றால் உள்விட்டம் 7, வெளிவிட்டம் 19, அகலம் 6 மி.மீ. 608 என்றால் 8, 22, 7. 6000 என்றால் 10, 26, 8. 6201 என்றால் 12, 32, 10. நம்பருக்குப் பின்னால் வரும் எழுத்து அதைவிட முக்கியம். இசட்இசட் என்றால் இரண்டு பக்கமும் தகட்டு மூடி, 2ஆர்எஸ் என்றால் ரப்பர் மூடி. நம் பட்டறைத் தூளுக்கும், நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றுக்கும் ரப்பர் மூடிதான் தாங்கும். மூடியில்லாத பேரிங் மலிவாகக் கிடைக்கிறதென்று போடவே வேண்டாம்.

பழையதைப் புல்லர் வைத்துக் கழற்றுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் விசிறி உடையும். புதியதை ஷாஃப்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் அழுத்தம் விழ வேண்டும். உள்வளையத்தின் அளவுக்கு ஒரு குழாய்த் துண்டு போதும். வெளிவளையத்தில் சுத்தியல் பட்டால் குண்டுகள் பள்ளத்தில் தழும்பு போட்டுவிடும், புது பேரிங் முதல் நாளே இரையும். பேரிங் மாற்றியும் ஆர்மேச்சர் ஃபீல்டில் உரசுகிறதென்றால், பேரிங் உட்காரும் பிளாஸ்டிக் பாடி சூட்டில் இளகிப் பெரிதாகியிருக்கிறது. அதற்குப் பாடிதான் மாற்ற வேண்டும். தகடு சுற்றியும் பசை ஊற்றியும் ஓட்டுவது ஒரு வாரத்துக்கு மேல் நிற்பதில்லை.

கியரில் இரண்டே விஷயம். சின்னப் பினியனையும் பெரிய சக்கரத்தையும் ஜோடியாக மாற்றுங்கள். தேய்ந்த பல்லோடு புதுப் பல் பழகாது. கிரீஸைப் பெட்டி நிறைய அடைக்காதீர்கள். பாதிக்கு மேல் போனால் சூடாகி உருகி, சீலைத் தாண்டி மோட்டார் பக்கம் இறங்கும். கம்யூட்டேட்டரில் கிரீஸும் கார்பன் பொடியும் சேர்ந்தால் என்னவாகும் என்று இவ்வளவு படித்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

டிஸ்க்கை ஸ்பேர் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் ஆளையே கொல்லக்கூடிய ஸ்பேர் அது, ஆகவே சற்று நின்று பார்ப்போம். அறுப்பு டிஸ்க்குகள் நொடிக்கு 80 மீட்டர் விளிம்பு வேகத்துக்குச் செய்யப்பட்டவை. அதனால்தான் 4 அங்குல டிஸ்க்கில் 15,300 ஆர்பிஎம் என்றும், 7 அங்குல டிஸ்க்கில் 8,500 என்றும் அச்சிட்டிருக்கும். 11,000 ஆர்பிஎம் ஓடும் 4 அங்குல மிஷினில் டிஸ்க்கை மூடிக் காக்கும் கார்டைக் கழற்றிவிட்டு 7 அங்குல டிஸ்க் மாட்டினால் விளிம்பு நொடிக்கு 104 மீட்டர் போகும். அது உடைவதற்கு வேறு காரணமே வேண்டாம். 5 அங்குல டிஸ்க் வேகக் கணக்கில் தப்பினாலும், அதற்கும் கார்டு கழற்ற வேண்டியிருக்கும். அதன் துளை 22.23 மி.மீ., 4 அங்குல டிஸ்க்கின் துளை 16 மி.மீ. வாஷர் வைத்து நடுப்படுத்தினால் நடுவில் நிற்காது. மரம் அறுக்கும் பல் பிளேடைக் கிரைண்டரில் மாட்டுவதை எந்தப் பட்டறையிலும் அனுமதிக்காதீர்கள். பல் மரத்தில் சிக்கிய கணம் மிஷின் ஆள் மேல் திரும்பும்.

டிஸ்க்கின் நடு உலோக வளையத்தில் மாதமும் வருடமும் பொறித்திருப்பார்கள். அது காலாவதி நாள். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் ரெசின் வலுவிழக்கும். ஆகவே சிமெண்டுத் தரையிலோ சுவரில் சாய்த்தோ வைக்காமல், மூடியுள்ள டப்பாவில் படுக்கவைத்து உயரத்தில் வையுங்கள். நனைந்த டிஸ்க்கைக் காயவைத்துப் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு டிஸ்க் விலைக்குக் கண்ணைப் பணயம் வைக்க முடியாது.

பிட்டைக் கவ்விப் பிடிக்கும் டிரில் சக்கைக் கழற்றத் தெரியாமல் மிஷினையே கெடுப்பவர்கள் உண்டு. தாடைகளை முழுக்கத் திறந்தால் அடியில் ஒரு ஸ்க்ரூ தெரியும். இரண்டு பக்கமும் சுற்றும் மிஷினில் அது இடது மரை, வலப்பக்கம் திருப்பினால்தான் கழறும். அதை எடுத்தபின் பெரிய எல் சாவியைத் தாடையில் கவ்வவைத்து, இடப்பக்கமாக ஒரே அடி. சக் அவிழ்ந்துவிடும். வாங்கும்போது மரையைச் சொல்லி வாங்குங்கள். 13 மி.மீ. சக்குக்குப் பெரும்பாலும் அரை அங்குலம் 20 மரை, 10 மி.மீ. சக்குக்கு எட்டில் மூன்று அங்குலம் 24 மரை. ஸ்க்ரூவைத் திரும்பப் போடாமல் விட்டால், ரிவர்ஸில் சக் கழன்று காலில் விழும்.

ரோட்டரி ஹேமர் சுற்றுகிறது, ஆனால் குத்தவில்லை என்றால் மோட்டாரைத் தொடாதீர்கள். பிஸ்டனிலும் ஸ்ட்ரைக்கரிலும் இருக்கும் ஓ ரிங் தேய்ந்து காற்று கசிகிறது. சின்ன ரப்பர் வளையம்தான், ஆனால் சூடு தாங்கும் ரகமாக இருக்க வேண்டும். சைக்கிள் கடை ரப்பர் ஒரே நாளில் கரையும். பிட்டைச் சுவரில் அழுத்தாதபோது குத்தாமல் இருப்பது பழுதல்ல, அதன் அமைப்பே அப்படி.

பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரை கடந்தபின் பவர் சா இல்லாத ஊர் அரிது. தென்னை மரத்தில் சிலிக்கா துகள் உண்டு, செயினைச் சீக்கிரம் மழுக்கும். மண்ணில் கிடக்கும் மரத்தை அறுத்தால் இன்னும் மோசம். அடியில் கட்டை கொடுத்துத் தூக்கி அறுங்கள். செயின் வாங்க, அது ஓடும் பாரின் நீளம் மட்டும் போதாது. பிட்ச், காடியின் அகலம், காடிக்குள் ஓடும் அடிப்பற்களின் எண்ணிக்கை மூன்றும் வேண்டும். அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் தூரத்தில் பாதியே பிட்ச். கூர் தீட்ட .325 பிட்ச்சுக்கு 4.8 மி.மீ. உருண்டை அரம், எட்டில் மூன்றுக்கு 5.5 மி.மீ. எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை இழுப்பு. ஒரு பக்கத்துப் பல் குட்டையானால் அறுப்பு வளைந்துபோகும். இரண்டு மூன்று செயின் தீர்ந்தால் ஸ்ப்ராக்கெட்டையும் மாற்றுங்கள். தேய்ந்த ஸ்ப்ராக்கெட் புதுச் செயினை இழுத்து நீட்டிவிடும். பாரை அவ்வப்போது மேல்கீழாகத் திருப்பிப் போட்டால் இரண்டு விளிம்பும் சமமாகத் தேயும்.

பேட்டரி மிஷினில் 18 வோல்ட் என்றும் 21 வோல்ட் என்றும் எழுதியிருப்பது பெரும்பாலும் ஒன்றே. உள்ளே ஐந்து லித்தியம் செல்கள், சராசரியில் 3.6, முழுச் சார்ஜில் 4.2. செல் மாற்றுவதானால் ஐந்தையும் ஒரே ரகத்தில், அதிகக் கரண்ட் தரும் செல்லாகப் போட வேண்டும். ஸ்பாட் வெல்டிங்தான், சால்டரிங் கூடாது. பவர் பேங்க் செல் டிரில்லைத் தாங்காது.

கடைசியாக, மழைத் தண்ணீர் பட்டறைக்குள் ஏறி மூழ்கிய மிஷின். பிளக்கில் சொருகிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். அன்றைக்கே முழுக்கப் பிரித்து, சேறும் உப்பும் போக நல்ல தண்ணீரில் ஆர்மேச்சரையும் ஃபீல்டையும் அலசுங்கள். சேறு காய்ந்தபின் கழுவினால் போகாது. தண்ணீர் வடிந்ததும் வெயிலில் வையுங்கள். வெயில் இல்லாத நாளில், மரப்பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு, பல்பைத் தொடாமல் தள்ளி, இரண்டு நாள் உள்ளே வையுங்கள். பெட்டிக்கு மேலே ஈரம் வெளியேற ஓட்டை இருக்கட்டும், பக்கத்தில் ஆள் இருக்கட்டும். பிறகு இன்சுலேஷன் அளக்கும் 500 வோல்ட் மெகர் வைத்துக் காயிலுக்கும் இரும்புக்கும் நடுவே பாருங்கள். 2 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் இன்னும் காயவில்லை, திரும்பப் பெட்டிக்குள். பேரிங்குகளையும் கியர் கிரீஸையும் பார்க்காமலே மாற்றிவிடுங்கள். சுவிட்சும் புதிதுதான். முதல் ஓட்டம், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வழியாக, காலில் செருப்போடு, காய்ந்த பலகை மேல் நின்று.